அத்தியாயம் 5: கைமாத்துப் புத்தகம்

நம் தேனிப் பக்கத்தில் கைமாத்து என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. முகத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். சொன்ன நாளில் திருப்பித் தருவார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் புத்தகம் சொல்வதும் அப்படித்தான் நடக்க வேண்டும். “நல்ல புத்தகம், எல்லோரும் படியுங்கள்” என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் சொன்னால் யாரும் படிப்பதில்லை. “இது உனக்குப் பிடிக்கும்டி, ஏன்னா உனக்கும் தாத்தான்னா உசுரு” என்று ஒருத்தியிடம் சொல்லி, அந்த நிமிடமே கையில் கொடுத்தால் அன்றிரவே நாலு பக்கம் புரட்டிவிடுவாள்.

அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம். நீங்கள் உத்தமபாளையத்தில் கல்லூரியில் படிக்கலாம், சின்னமனூரில் பிளஸ் டூ முடித்திருக்கலாம், ஆண்டிபட்டிப் பக்கம் ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியராக இருக்கலாம். 5 பேரும் 10 புத்தகமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் முன்: எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது?

கிடைக்காத புத்தகத்தைப் பரிந்துரைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மதுரைக்குப் போய் வாங்க வேண்டிய புத்தகத்தை கூடலூரில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லி ஆசை காட்டுகிறோம். ஒரு வாரத்துக்குள் கைக்கு வராத புத்தகத்தை அந்தப் பிள்ளை மறந்துவிடும். அடுத்த முறை நீங்கள் சொல்வதையும் காதில் வாங்காது. அதனால் முதலில் கணக்கெடுங்கள்.

1. பள்ளிக்கூடத்து பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே சில இடங்களில் ஒரு வாரம் ஆகும். பொறுமையாக, மரியாதையாகக் கேளுங்கள். புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம்தான் பல ஆசிரியர்கள் சாவியைத் தராததற்குக் காரணம். “நோட்டில் எழுதி, நானே பொறுப்பாகத் திருப்பி வைக்கிறேன்” என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

2. அரசுப் பள்ளியாக இருந்தால் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களைத் தேடுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து, சில பக்கங்களிலேயே முடியும்படி போட்டிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ‘நுழை’யில் ஒரு புத்தகம் முழுதாக முடித்த சந்தோஷம் கிடைக்கும். ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ பழைய இதழ்களையும் எடுத்து வையுங்கள்.

3. ஊரில் உள்ள கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ போங்கள். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. ஊர்க்காரர்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. ஆகவே கூச்சப்படாமல் உள்ளே போய், சிறுவர் நூல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கேளுங்கள்.

4. வீடுகளில் கேளுங்கள். பரண்மேல் அட்டைப்பெட்டியில் அக்காவின் பழைய சிறுவர் இதழ்கள், அண்ணன் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசுப் புத்தகங்கள் என்று கட்டாயம் ஏதாவது இருக்கும்.

5. கிடைத்ததையெல்லாம் 40 பக்க நோட்டு ஒன்றில் எழுதுங்கள். பெயர், எழுதியவர், எங்கே இருக்கிறது என்ற மூன்றும் போதும். இனி இந்த நோட்டில் இருப்பதை மட்டுமே பரிந்துரைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறிப்பு: தேனியில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளைகளைச் சும்மா அழைத்துப் போகாதீர்கள். “யாருக்காக, என்ன புத்தகம்” என்று முன்கூட்டியே ஆளுக்கொரு பெயர் எழுதிக்கொண்டு போகட்டும். நண்பனுக்காகத் தேடும் பிள்ளை ஸ்டாலில் நின்று புரட்டிப் பார்க்கும்.

சீட்டு எழுதுவது

இந்த வேலைக்கு உயிர் சீட்டுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள், நாலே வரி. எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட வேண்டும். அடுத்துத் திறக்கிற பிள்ளை முதலில் பார்ப்பது அதைத்தான்.

1. முதல் வரி, யாருக்கு. “எல்லோருக்கும்” என்று எழுதக் கூடாது. ஒரு பெயரோ, ஒரு குணமோ இருக்க வேண்டும்.
2. இரண்டாவது, என்ன நடக்கிறது. தொடக்கத்தை மட்டும் சொல்ல வேண்டும்.
3. மூன்றாவது, எங்கே கஷ்டம். பெயர் புரியாது, முதல் பத்துப் பக்கம் மெதுவாகப் போகும், ஓரிடத்தில் அழுகை வரும் என்று உண்மையை எழுத வேண்டும்.
4. நான்காவது, எங்கே கிடைக்கும், சீட்டை எழுதியது யார்.

ஒரு மாதிரி பாருங்கள். டெட்சுகோ குரோயாநாகி எழுதி, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்ட ‘டோட்டோ-சான்’ நூலுக்கு இப்படி எழுதலாம்:

*யாருக்கு: கணக்கு பீரியடில் ஜன்னலையே பாத்துட்டு இருக்கிறவங்களுக்கு.*
*என்ன: சேட்டை பண்றான்னு ஒரு பொண்ண ஸ்கூல விட்டு அனுப்பிடுறாங்க. அவ சேர்ற புது ஸ்கூல்ல வகுப்பறையே பழைய ரயில் பெட்டிதான்.*
*கஷ்டம்: பேரெல்லாம் ஜப்பான் பேரு. கொஞ்ச நேரத்துல பழகிரும்.*
*எங்கே: நம்ம பள்ளி பீரோ, ரெண்டாவது தட்டு. எழுதியது: எட்டாவது பி.*

போடியில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சீட்டில் இன்னொரு கொக்கியும் போடலாம். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. இன்றைக்குப் பத்து வயதில் இருக்கும் பிள்ளை ஊருக்குள் ரயிலை முதன்முதலாகப் பார்த்த நாளை மறந்திருக்காது. “நம்ம ஊருக்கு வந்த ரயில் பெட்டியிலேயே பாடம் நடந்தா எப்படி இருக்கும்?” என்று ஒரு வரி போதும். புத்தகம் எந்த நாட்டில் எழுதப்பட்டிருந்தாலும், அது நம் ஊரைத் தொடும் ஓரிடம் இருக்கும். சீட்டு எழுதும் பிள்ளையை அந்த இடத்தைத் தேடச் சொல்லுங்கள். பரிந்துரைப்பதில் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போனால் நம் மண்ணிலேயே நிறைய இருக்கிறது. வைகை அணைக்காக ஊரை இழந்த மக்களைப் பற்றி வைரமுத்து எழுதி, 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ இருக்கிறது. அணைக்குச் சுற்றுலா போய் வந்த பிள்ளையிடம் “நீ நின்னு போட்டோ எடுத்தியே, அந்தத் தண்ணிக்கு அடியில ஊரு இருந்துச்சு” என்று சொல்லிக் கொடுங்கள். கல்யாண வீடுகளில் சமைக்கப் போகிறவர்களின் பிள்ளைக்கு ம. காமுத்துரையின் ‘குதிப்பி’, நூற்பாலையில் வேலை செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அவருடைய ‘மில்’ கொடுக்கலாம். இரண்டும் வளர்ந்தவர்களுக்கான நாவல்கள். பிளஸ் ஒன்னுக்குக் கீழே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் பட்ட பாட்டைச் சொல்லும் ‘எரியும் பனிக்காடு’ம் அப்படித்தான். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதை நம்மைவிட நன்றாகப் படிக்கும்.

*சீட்டில் வரும் தவறுகள்*

“அருமையான நூல்”, “பயனுள்ள கருத்துகள் கொண்டது” போன்ற சொற்கள் வந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். திட்ட வேண்டாம். “எந்தப் பக்கத்துல நிறுத்த மனசு வரல?” என்று கேளுங்கள். பதில் வந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் பிள்ளை புத்தகத்தை முடிக்கவில்லை. அதிலும் தப்பில்லை, “பாதியில் நிறுத்திட்டேன், ஏன்னா…” என்று ஒரு சீட்டு எழுதட்டும். அந்தச் சீட்டுக்கும் வாசகர் உண்டு.

எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தாதீர்கள். மதிப்பெண் போடாதீர்கள். அதிகச் சீட்டு எழுதியவருக்குப் பரிசு என்று அறிவிக்கவே அறிவிக்காதீர்கள். ஒரு பள்ளியில் நான் அப்படி அறிவித்தேன். ஒரு பையன் ஒரே வாரத்தில் 22 சீட்டு கொண்டுவந்தான். எல்லாம் பின்னட்டையைப் பார்த்து எழுதியவை. அவனைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டது சீட்டைத்தான், அவன் சீட்டைக் கொடுத்தான். அதோடு, நிதானமாக ஒரே புத்தகத்தை மூன்று வாரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அந்த இழப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

மூன்று நிமிடப் பேச்சு

வாரத்துக்கு ஒருமுறை, மூன்று பேர், ஆளுக்கு 3 நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

1. பேசுகிறவர் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். கையில் இல்லாத புத்தகத்தைப் பற்றிப் பேச அனுமதிக்காதீர்கள்.
2. முதலிலேயே பென்சில் குறி வைத்த ஓரிடத்திலிருந்து ஐந்தாறு வரி வாய்விட்டுப் படிக்கட்டும். கதை விறுவிறுப்பாகும் இடத்தில் நிறுத்தட்டும்.
3. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசட்டும். மேடைத் தமிழ் வேண்டாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நம் பள்ளத்தாக்கில் நிறைய. நடுவில் அந்தச் சொல் வந்தால் வரட்டும்.
4. “இதை நான் இன்னாருக்குத் தர்றேன்” என்று சொல்லி முடித்து, அங்கேயே கொடுக்கட்டும்.
5. அவர் வாங்க மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். “வேற யாருக்கு வேணும்?” என்று கேட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேசக் கூச்சப்படும் பிள்ளை 2ஆவதை மட்டும் செய்தால் போதும். திக்கிப் பேசும் பிள்ளையை ஜோடியாக நிறுத்துங்கள். தோழி படிக்க, அந்தப் பிள்ளை புத்தகத்தைக் காட்டட்டும். நேரம் பார்க்க ஒரு சின்னப் பிள்ளையை வையுங்கள்.

கைமாத்து நோட்டு

யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதாத கூட்டம் நாலே மாதத்தில் கலைந்துவிடும். தேதி, புத்தகம், எடுத்தவர், சொன்னவர், திரும்பிய தேதி என்று ஐந்து கட்டம் போடுங்கள். பொது நூலகப் பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம் இதில் இருக்கிறது: “சொன்னவர்”. அதை விட்டுவிடாதீர்கள். தன் பெயர் அந்தக் கட்டத்தில் மூன்று முறை வந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

நோட்டின் மதிப்பை நமக்குக் காட்டிய ஓர் இடம் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. போடிமெட்டு ஏறி, மூணாறும் தாண்டி, காட்டுக்குள் நடந்தால் முதுவர் பழங்குடியினர் வாழும் இடமலைக்குடி வரும். அங்கே பி. வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் ஒரு மண்குடிசை டீக்கடையில் நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் எழுதினார். 160 புத்தகங்கள், வைக்க அலமாரி இல்லை, இரண்டு சாக்குமூட்டை. சிலப்பதிகாரமும் அதில் உண்டு. எடுத்தவர் பெயரையும் புத்தகத்தையும் அவர் அழகான கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். காட்டுக்குள் எந்தப் புத்தகத்தை யார் தேடிப் படித்தார்கள் என்று வெளியுலகம் தெரிந்துகொண்டது அந்த நோட்டால்தான்.

மாதக் கடைசியில் உங்கள் நோட்டைப் புரட்டுங்கள். ஒருவர்கூட எடுக்காத புத்தகங்களைத் தனியே எடுத்து, அவற்றில் ஒன்றை நீங்களே படித்து, நீங்களே ஒரு சீட்டு எழுதுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் விதியாகவே எழுதினார். சீர்காழிக்காரரான அவர் சொன்னதை நம்பி இன்னும் ஒரு மாதம் வையுங்கள்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது

ஜூனில் பள்ளி திறக்கும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வந்து முதல் போக நடவும் தொடங்கும். சாரலும் கூடவே வரும். கணக்கெடுப்பையும் முதல் சீட்டுகளையும் இந்த மாதத்தில் முடியுங்கள். ஆகஸ்ட் தொடங்கி ஏலக்காய் எடுப்பு மும்முரமாகும்போது, மலைக்குப் போகும் குடும்பங்களில் மூத்த பிள்ளைதான் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாலைக் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை வராது. “ஏன் வரல?” என்று கேட்காதீர்கள். தம்பிக்கு வாசித்துக் காட்டும்படியான படக்கதை ஒன்றைப் பள்ளியிலேயே கொடுத்துவிடுங்கள். சீட்டைத் தம்பி சொல்லச் சொல்ல அக்கா எழுதட்டும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். கிளை நூலகத்தில் இடம் கேட்டு மூன்று நிமிடப் பேச்சை அங்கே நடத்துங்கள். மாசி, பங்குனியில் தேர்வு, ஆகவே ஓய்வு. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் விடுமுறைக் கைமாத்து: ஆளுக்கு 3 புத்தகம், பள்ளி திறக்கும் நாளில் திருப்ப வேண்டும்.

எங்கே கூடுவது

இதைக் கவனமாகப் படியுங்கள். கூடும் இடத்தைப் பொறுத்துத்தான் யார் வருவார்கள் என்பதும் இருக்கிறது. ஒரு சமூகத்தின் மண்டபத்திலோ, கோயில் திண்ணையிலோ, ஒருவர் வீட்டு வாசலிலோ கூட்டினால் சில தெருப் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். ஏன் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பள்ளி வகுப்பறை, நூலகம், ஊராட்சிக் கட்டடம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வருகிறவர்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று மாதம் ஒருமுறை மனதுக்குள் கணக்குப் பாருங்கள். ஒரு தெரு விடுபட்டால் புத்தகத்தோடு நீங்கள் அங்கே போங்கள். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். உங்களுக்கு ஒரு சைக்கிளும் துணிப்பையும் போதும்.

நேரம் மாலை 4:30 முதல் 5:15 வரை. இருட்டுவதற்கு முன் பெண்பிள்ளைகள் வீடு சேர வேண்டும். டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் யார் என்று தெரிந்து, அவர்களை முதலில் பேசவிட்டு அனுப்புங்கள்.

பாதுகாப்பு

1. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் கொண்டு வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். அதில் பெண்பிள்ளைகளின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தகவல் சொல்ல வேண்டுமானால் பெற்றோர் எண்ணுக்கு, ஒருவழிச் செய்தியாக அனுப்புங்கள். சீட்டில் பெயரும் வகுப்பும் மட்டும் இருக்கட்டும்.

2. கூட்டத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துப் புத்தகம் தரக் கூடாது. இந்த விதி உங்களுக்கும் பொருந்தும்.

3. மனதைக் கலக்கும் புத்தகத்தை எச்சரிக்கை இல்லாமல் கொடுக்காதீர்கள். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ சின்னப் புத்தகம்தான். ஆனால் கேள்வி கேட்ட ஒரு சிறுமியின் மரணத்தில் முடிகிறது. அதைக் கொடுத்தால் முடித்த மறுநாள் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

4. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தப்பாகத் தொடும் பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்கிறது. கட்டாயம் உங்கள் நோட்டில் இருக்கட்டும். அதைப் படித்த பிள்ளை, “அக்கா, எனக்கும்…” என்று ஆரம்பித்தால் முழுதாகக் கேளுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்; இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

5. விற்பனையில் இருக்கும் புத்தகத்தின் பிடிஎஃப்பைச் சுற்றுக்கு விடாதீர்கள். எழுதியவரின் கூலி அது. செல்போனில்தான் படிக்க முடியும் என்றால் 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காசில்லாமல், முறையாகப் படிக்கக் கிடைப்பவை ஏராளம்.

புத்தகம் நனைந்தால், தொலைந்தால்

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். நாலைந்து பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, நிழலில் நிறுத்தி வைத்து, தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். சாரல் மாதங்களில் ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்தனுப்புங்கள். கரையான் வரும் என்பதால் பெட்டியைச் சுவரை ஒட்டித் தரையில் வைக்க வேண்டாம்.

தொலைந்தால் பணம் கேட்காதீர்கள். கேட்டால் அந்தப் பிள்ளையும் தொலைந்துபோகும். “அந்தக் கதையை நினைவிருக்கும் மட்டும் எழுதிக் கொடு” என்று நோட்டுத்தாள் 4 கொடுங்கள். அதைத் தைத்து, அட்டை போட்டு, அதே இடத்தில் வையுங்கள். சீட்டும் எழுதட்டும். பள்ளிக்குச் சொந்தமான புத்தகமாக இருந்தால் விலையைப் பெரியவர்கள் பங்கிட்டுக் கட்டிவிடுங்கள். முதல் ஆண்டில் ஐந்தாறு போகும் என்று கணக்கில் வைத்தே தொடங்குங்கள்.

நீங்கள் ஊரை விட்டுப் போகும்போது

கல்லூரிக்கோ வேலைக்கோ கோவை, சென்னை என்று கிளம்ப வேண்டிவரும். இதற்கு முதல் நாளிலிருந்தே தயாராக இருங்கள். நோட்டில் “சொன்னவர்” கட்டத்தில் அதிகம் வரும் இரண்டு பெயர்களைப் பாருங்கள். அவர்கள் ஏழாவதோ எட்டாவதோ படித்தால் இன்னும் நல்லது. நாலைந்து ஆண்டு ஊரில் இருப்பார்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே நோட்டு எழுதும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பீரோ சாவி தரும் ஆசிரியரிடமும் நூலகரிடமும் அவர்களை நேரில் அழைத்துப்போய்ப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். கடைசி நாளில் அவர்கள் இருவரிடமும் உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்லச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். பொங்கலுக்கு வரும்போது திருப்ப வேண்டும்.